வாசலில் உட்கார்ந்த புகைக்காரர்

சரவணா,

உனக்குத் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். உன் கூட்டாளி அஜ்மல்கிட்ட சொல்லியிருந்தா மலையாளத்துல அழகா எழுதிக் கொடுத்திருப்பான், நீயும் ஒரே மூச்சுல படிச்சுட்டு போனைக் கவுத்து வெச்சிருப்பே. அது வேண்டாம்னுதான் செங்கோட்டைப் பள்ளிக்கூடத்துல நான் படிச்ச தமிழ்ல, என் கைப்பட எழுதறேன். முட்டி மோதிப் படி. அவசரமாப் படிச்சுத் தள்ளற விஷயம் இல்லை இது. முந்தாநாள் நீ ஒரு மெசேஜ் அனுப்பினியே, அதுக்குத்தான் பதில். தேவராவுல ஒரு முதியோர் இல்லம் இருக்கு, கல்யாணத்துக்கு முந்தின நாள் அப்பாவைக் கொண்டுபோய் விட்டா மறுநாள் சாயங்காலம் கூட்டிட்டு வந்துடலாம், நல்லாப் பார்த்துப்பாங்க, பொண்ணு வீட்டுல நித்யாவோட அப்பாவும் அதுதான் எல்லாருக்கும் நல்லதுன்னு சொல்றார்னு எழுதி, கீழே அந்த இடத்தோட படமும் போட்டிருந்தே. படத்துல ஜன்னல், திரைச்சீலை எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. கல்யாணம் உனக்கு, கொண்டுபோய் விடச் சொல்றது உங்கப்பாவை. இதுக்கு நான் போன்ல ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி அனுப்பிடுவேன்னு நினைச்சியா?

மெசேஜைப் படிச்சதும் எனக்கு வந்த ஆத்திரத்துல நீ எதிர்ல இருந்திருந்தா, மாப்பிள்ளைன்னும் பார்க்காம ரெண்டு வெச்சிருப்பேன். தையல் மெஷினை மிதிச்சு மிதிச்சு யாரோ ஒருத்தியோட ஜாக்கெட்டுல கையைத் தலைகீழா வெச்சுத் தைச்சுட்டேன். அப்புறம் அதைப் பிரிச்சுக்கிட்டே யோசிச்சப்போ, உன் பக்கமும் நியாயம் இல்லாமப் போகலைன்னு பட்டுது. உங்கப்பா எப்படி இருக்கார்னு உனக்கு நான் பாதிதான் சொல்லியிருக்கேன். போன்ல கேக்கறப்போ "பரவாயில்லைடா, சாப்பிட்டார், தூங்கறார்"னு மழுப்பிட்டு இருந்தேன். கல்யாண வேலையில கிடக்கிற பிள்ளைக்கு எதுக்குன்னு இருந்துட்டேன். இப்ப முழுசாக் கேட்டுக்கோ. கேட்டுட்டு என்ன வேணும்னாலும் முடிவு பண்ணு.

அவருக்குக் கக்கூஸ் எந்தப் பக்கம்னு மறந்துபோச்சு. சில நாள் அலமாரியைத் திறந்து வெச்சுக்கிட்டு நிப்பார். நான் ஓடிப் போறதுக்குள்ள காரியம் முடிஞ்சிருக்கும். சோத்தை வாயில வெச்சுக்கிட்டு முழுங்கணும்கிற நினைப்பு இல்லாம உக்காந்திருப்பார். நான் தொண்டையைத் தடவி விடணும். போன மாசம் ரேஷன் கடைக்குப் போறப்போ வேற வழியில்லாம வெளியில தாழ்ப்பாள் போட்டுட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தா கதவைத் தட்டித் தட்டி ரெண்டு கையும் வீங்கிக் கிடக்கு. இதெல்லாம்கூடப் பெரிசில்லை, உடம்புதானே, கழுவிவிட்டா சுத்தமாயிடும். என்னை அறுக்கறது வேற ஒண்ணு. நம்ம வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். வாசப்படிக்கு இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் மலையாளம். உங்க தாத்தா காலத்துல இருந்து மட்டாஞ்சேரியில இப்படித்தான். பால்காரன்கிட்ட, ஆபீஸ்ல, ஆஸ்பத்திரியில எல்லாம் மலையாளம். செருப்பைக் கழட்டி உள்ள வந்தா தமிழ். இப்ப உங்கப்பா என்கிட்ட மலையாளத்துல பேசறார்டா. "சேச்சி, ஆரா?"ன்னு, யாரு அக்கா நீங்கன்னு கேக்கறார். "சேச்சிக்கு வீட்டுல ஆள் இல்லையா, இங்கயே இருக்கீங்களே"ன்னு ரொம்ப மரியாதையா, மலையாளத்துல விசாரிக்கிறார். அவருக்கு நான் வாசப்படிக்கு அந்தப் பக்கத்து ஆளாயிட்டேன். அவர் அடிச்சப்போகூட எனக்கு இவ்வளவு வலிக்கலை.

உனக்கும் அதே அடிதான் விழுந்துச்சு. போன தீபாவளிக்கு நீ வந்தே. கையில பலகாரப் பெட்டி, அவருக்குப் புதுச் சட்டை. அவர் கட்டில்ல இருந்து தலையைத் தூக்கி, "மோனே, எவிடெயா வீடு?"ன்னு, தெரியாத பையன்கிட்ட வீடு எங்கன்னு விசாரிக்கிற மாதிரி கேட்டார். உன் முகம் எப்படிப் போச்சுன்னு நான் பார்த்தேன். "அப்பா, நான் சரவணன். அப்பா, என்னைப் பாருங்க, சரவணன்"னு நீ சொல்லிக்கிட்டே கிட்டப் போனே. அவர் பின்னால நகர நகர நீ தோளைப் பிடிச்சு உலுக்கி, "எப்படிப்பா மறக்கும்? ஞாபகப்படுத்திப் பாருங்க"ன்னு கத்தினே. அவர் பயந்துபோய் கையை ஓங்கி, உன் கண்ணாடி தெறிச்சு விழுந்துச்சு. மறுநாள் காலையில ஏதோ ஆபீஸ் வேலைன்னு பஸ் ஏறிட்டே. அதுக்கப்புறம் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை. பத்திரிகை வைக்கக்கூட பெங்களூர்ல இருந்தே வழி பண்ணிட்டே. நீ அப்பாவை நினைச்சு வெட்கப்படறேன்னு உன் பெரியம்மா சொன்னா. நான் வாயை மூடச் சொல்லிட்டேன். உனக்கு வெட்கம் இல்லை, பயம். மணமேடையில, அத்தனை பேர் பார்க்க, நீ கால்ல விழுந்து எந்திரிக்கிறப்போ அவர் மறுபடியும் "எவிடெயா வீடு?"ன்னு கேட்டுட்டா என்ன பண்றதுன்னு பயம். பெத்தவளுக்கு இது தெரியாதா?

அதனாலதான் பழசையெல்லாம் எடுத்து எழுதப் போறேன். நீ மறந்திருக்க மாட்டே, ஆனா என் பக்கத்துல இருந்து பார்த்தது உனக்குத் தெரியாது. உங்கப்பா கார்ப்பரேஷன்ல கொசுவுக்குப் புகை அடிச்ச காலம். தோள்ல அந்த மெஷினைத் தொங்கவிட்டு, குழாயை முன்னால நீட்டிக்கிட்டு, சாயங்காலம் சந்து சந்தாப் போவார். நம்ம ஊர்க் கொசுவுக்கு அது பொரி கடலைன்னு எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் ஒரு சந்து விடமாட்டார். மெஷின் சத்தம் கேட்டதும் தெருப் பிள்ளைங்க அத்தனையும் புகைக்குள்ள ஓடும். அவர் திரும்பித் திரும்பி, "கண்ணடச்சோ! கண்ணடச்சோ!"ன்னு கத்திக்கிட்டே போவார். அந்தக் கூட்டத்துல நீயும் இருப்பே. உன் பக்கம் திரும்பறப்போ மட்டும் குரலைத் தணிச்சு, "கண்ணை மூடிக்கோடா"ன்னு தமிழ்ல சொல்வார். வீட்டுக்கு வந்தா மண்ணெண்ணெய் நாத்தம், இருமல். முழங்கைக்குக் கீழ குழாய் சுட்ட தழும்பு. ஸ்கூல்ல உன்னைக் "கொதுகு"ன்னு கூப்பிட்டாங்க. நீ என்கிட்ட சொல்லலை. உன் புஸ்தகத்து அட்டையில எவனோ கொசுப் படம் போட்டிருந்ததைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

அந்த வருஷம்தான் அஜ்மல் அந்தப் பெட்டியைத் தூக்கிட்டு வந்தான். அவன் வாப்பா வீட்டு மாடியை வெளிநாட்டுக்காரங்களுக்கு வாடகைக்கு விடுவார். அப்படி வந்து தங்கின எவனோ விட்டுட்டுப் போன பெட்டி. உள்ள தலையணை மாதிரி ஒரு இங்கிலீஷ் புஸ்தகம், சாண் சாணா அட்டை, விதவிதமா முகம் வெச்ச தாயக்கட்டைங்க. நீ, அஜ்மல், எதிர்வீட்டு மெரின், மூணு பேரும் ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஆனா நம்ம முன்னறையில பாயை விரிச்சு உக்காந்துடுவீங்க. முதல்ல எனக்கு ஒரு மண்ணும் புரியலை. காய் நகர்த்தறதும் இல்லை, சீட்டு இறக்கறதும் இல்லை, சும்மா பேசிக்கிட்டே இருக்கீங்களேடா, இது என்ன விளையாட்டுன்னு கேட்டேன். நீ ரொம்பப் பெரிய மனுஷன் மாதிரி, "அம்மா, நான் மாஸ்டர். எங்க நிக்கறாங்க, எதிர்ல என்ன இருக்குன்னு நான் சொல்வேன். என்ன பண்றதுன்னு அவங்க சொல்வாங்க. நடக்குமா நடக்காதான்னு கட்டை சொல்லும்"னு விளக்கினே. அஜ்மல் கோடாலிக்காரன், மெரின் மந்திரம் போட்டுக் காயத்தை ஆத்தற வைத்தியச்சி. இருபது முகக் கட்டை ஒரு மழை நாள்ல உருண்டு வாசல் ஓடையில போயிடுச்சு. உங்கப்பா முட்டி வரைக்கும் இறங்கித் துழாவினார், கிடைக்கலை. நான் கோட்டுப் பட்டன் இருபது எடுத்துக் கொடுத்தேன், அவர் பெயின்டுல நம்பர் போட்டார், மிச்சத் துணியில ஒரு சுருக்குப்பை தைச்சேன். பெரிய நம்பர் வந்தா நினைச்சது நடக்கும், சின்னது வந்தா நடக்காது. அதுக்கப்புறம் உங்க தலைவிதியெல்லாம் அந்தப் பைக்குள்ளதான் இருந்துச்சு.

நான் மெஷின்ல தைச்சுக்கிட்டே கேப்பேன். நீ பேச்சு வராத பிள்ளை. விருந்தாளி வந்தா என் புடவைக்குப் பின்னால ஒளிவே. அந்தப் பாய்ல உக்காந்துட்டா வேற ஆளாயிடுவே. "நீங்க ஒரு பாலத்துக்கு முன்னால நிக்கறீங்க. பாலத்துல வெளிச்சம் இல்லை. அந்தக் கரையில யாரோ இருமற சத்தம் கேக்குது. என்ன செய்யப் போறீங்க?"ன்னு கேட்டுட்டு வாயை மூடிக்குவே. அவங்க எவ்வளவு நேரம் யோசிச்சாலும் அவசரப்படுத்த மாட்டே. முட்டாள்தனமா எதையாவது சொன்னாலும் தப்புன்னு சொல்ல மாட்டே. அஜ்மல் ஒருதடவை சுவரைப் பார்த்து, "இது கதவு, நான் திறக்கறேன்"னான். நீ சிரிக்காம, "சரி, தட்டிப் பார்க்கறே. உள்ள இருந்து கல்லு சத்தம் வருது. இப்ப என்ன செய்வே?"ன்னு கேட்டே. ஒரே ஒரு சட்டம் மட்டும் மூணு பேரும் சேர்ந்து போட்டிருந்தீங்க. சொன்னது சொன்னதுதான். வாயில இருந்து வந்துட்டா திரும்ப வாங்கக் கூடாது.

பாலத்துல இருமினது யாருன்னு கேட்டா, புகைக்காரர். தோள்ல குழாய், வாயில இருமல், "நகருங்க, நகருங்க"ன்னு தமிழ்ல பேசற மனுஷன். உங்க விளையாட்டு முழுக்க மலையாளத்துலதான் நடக்கும், அந்த ஒருத்தருக்கு மட்டும் தமிழ். நீ உங்கப்பா மாதிரியே இருமிக் காட்டினே, அவர் நடை, அவர் குரல் எல்லாம் அச்சு அசல். அஜ்மலும் மெரினும் உருண்டு உருண்டு சிரிச்சாங்க. எனக்குக் கையில இருந்த கத்தரிக்கோலை வீசலாம் போல இருந்துச்சு, ஏன்னா உங்கப்பா அங்கதான் கட்டில்ல, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஞாயித்துக்கிழமை மத்தியானம்தானே அவருக்குத் தூக்கம். தூங்கறார்னு நீங்க நினைச்சீங்க. அந்த முதுகு தூங்கற முதுகு இல்லைன்னு எனக்குத் தெரியும். சாயங்காலம் அவங்க ரெண்டு பேரும் போனதும், உன்னை உண்டு இல்லைன்னு பண்ணிடலாம்னு நான் காத்திருக்கேன், அவர் மெதுவா வந்து, "அந்தப் புகைக்காரர் அடுத்த வாரம் திரும்ப வருவாரா?"ன்னு கேட்டார். அன்னையில இருந்து சனிக்கிழமை ஆனா அதே கேள்வி. உன்கிட்ட கேக்க அவருக்குக் கூச்சம், என்கிட்டதான் கேப்பார்.

அப்புறம்தான் உங்க விளையாட்டுல அந்தச் செத்தவங்க ஊரு வந்துச்சு. நீ மறந்திருக்க மாட்டே. மதில் சுவருக்கு உள்ள அத்தனையும் பிணம், சத்தம் கேட்டா எழுந்து வரும். புகைக்காரருக்கோ இருமல். கூட்டிட்டுப் போறதா, வாசல்ல விட்டுட்டுப் போறதான்னு நீ கேட்டே. "விட்டுட்டுப் போலாம், அவர் இருமினா எல்லாரும் சாவோம்"னு அஜ்மல் சொன்னான். மெரின் கொஞ்சம் யோசிச்சுட்டு, "அவருக்கும் அதுதான் நல்லது"ன்னா. நீ ஒரு நிமிஷம் கட்டில் பக்கம் பார்த்தே. பார்த்துட்டு, "புகைக்காரர் ஒண்ணும் சொல்லலை. வாசல்ல உக்காந்துட்டார்"னே. அவங்க ரெண்டு பேரும் உள்ள போனாங்க. பைக்குள்ள கையை விட்டு எடுக்க எடுக்க ஒண்ணு, மூணு, ரெண்டுன்னு வந்துச்சு. முதல்ல மெரின் செத்து விழுந்தா, அவளைத் தூக்கப் போய் அஜ்மலும் விழுந்தான். அவன் பையைத் தூக்கி எறிஞ்சுட்டு அழுதே விட்டான். மூணு மழைக்காலமா பார்த்துப் பார்த்து வளர்த்த கோடாலிக்காரனாச்சே. "அவ்வளவுதான், முடிஞ்சுது"ன்னு நீயும் சொல்லிட்டே. அப்ப கட்டில்ல இருந்து, சுவரைப் பார்த்தபடியே, "எப்படி முடியும்? வாசல்ல நான் இருக்கேனே"ன்னு ஒரு குரல். நாலு பேரும் கட்டில் பக்கம் திரும்பினோம். "நான் உள்ள போறேன். ரெண்டு பேரையும் தூக்கிட்டு வர்றேன்." நீதான் முதல்ல சுதாரிச்சே. "ஆளுக்கு ஒரு தோள்ல தூக்கினா மெஷினை என்ன பண்ணுவீங்க?"ன்னு கேட்டே. "கழுத்துல மாட்டிப்பேன்"னார். சொன்னது சொன்னதுதானேன்னு நீ பையைக் கட்டிலுக்கு எடுத்துட்டுப் போய் நீட்டினே. அவர் எடுத்தது பதினெட்டு. அஜ்மல் கட்டில்ல ஏறிக் குதிச்ச குதியில கட்டில் கால் ஒண்ணு உடைஞ்சு, இன்னைக்கும் அதுக்குச் செங்கல்தான் முட்டுக்கொடுத்திருக்கு.

எதுக்கு இதை எடுக்கறேன்னு உனக்குப் புரியும். கதையைக் காட்டி உன்னை மடக்கறேன்னு நினைக்காதே. "அவருக்கும் அதுதான் நல்லது"ன்னு பன்னெண்டு வயசுப் பிள்ளை சொன்னா அது விளையாட்டு. நீயும் நித்யாவோட அப்பாவும் சொன்னா நான் பதில் சொல்லித்தானே ஆகணும்? நித்யாவோட அப்பா கெட்டவர் இல்லை. பாலக்காட்டு மனுஷர், ஆடிட்டர், எல்லாத்துக்கும் ஒரு ஏற்பாடு வெச்சுக்கணும்னு நினைக்கிறவர். பொண்ணோட கல்யாணத்துல ஒரு கிழவர் வேட்டியை நனைச்சுக்கிட்டா வர்றவங்க என்ன பேசுவாங்கன்னு அவர் கவலைப்படறது நியாயம்தான். அவர் எனக்கு போன் பண்ணி, "உங்களுக்கும் ரெண்டு நாள் ஓய்வா இருக்கும்மா"ன்னார். ஓய்வு! அந்த வார்த்தையைக் கேட்டு நான் போனை வெச்சுட்டு வாய்விட்டு அழுதேன். எனக்கு ஓய்வு வேணும்டா, இல்லைன்னு சொல்லலை. சில நாள் இவர் போய்ச் சேர்ந்துட்டா தேவலைன்னுகூடத் தோணுது. தோணின உடனே எழுந்துபோய் அவர் மூச்சு வருதான்னு பார்க்கறேன். சுள்ளிக்கல் டாக்டர் ஒளிவு மறைவு இல்லாமச் சொல்லிட்டார், இனிமே ஏறுமுகம் கிடையாது, இறங்கறது எவ்வளவு மெதுவா இறங்கும்கிறது மட்டும்தான் கேள்வின்னு. அடுத்த வருஷம் உன் வீட்டுக்கு வந்து நிக்க இவருக்குக் கால் இருக்குமோ இருக்காதோ. உன் கல்யாணம்தான் இவர் எழுந்து நிக்கப்போற கடைசி நல்ல காரியம். அதுக்குத் தேவராவுல திரைச்சீலை போட்ட ஜன்னலா?

இப்ப முக்கியமான விஷயம். தாழ்ப்பாள் சம்பவம் நடந்து ஒரு வாரம் இருக்கும். சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் அவருக்கு வேலைக்குப் போகணும்கிற வெறி வந்துடும். அன்னைக்கு ஒட்டடைக்கம்பைக் குழாயாப் பிடிச்சுக்கிட்டு, வழி விடு சேச்சின்னு மலையாளத்துல கத்தறார். ரிட்டயர் ஆயாச்சுங்க, மெஷின் கிடையாதுங்கன்னு சொல்லச் சொல்ல வெறி ஏறுது. கம்பு என் நெத்தியில பட்டு ரத்தம். எனக்கு உயிரே வெறுத்துப்போச்சு. அழுதுக்கிட்டே, என்னமோ வாயில வந்ததைச் சொன்னேன். "புகைக்காரரே, நீங்க ஒரு வாசலுக்கு முன்னால நிக்கறீங்க. வெளியில மழை. எதிர்ல ஒரு பொம்பளை நிக்கறா, அவ நெத்தியில காயம். என்ன செய்யப் போறீங்க?" உன்னை மாதிரியே கேட்டுட்டு, உன்னை மாதிரியே வாயை மூடிக்கிட்டேன். அவர் கம்பைக் கீழ இறக்கினார். ரொம்ப நேரம் யோசிச்சார். "மழையில புகை நிக்காதே"ன்னார். தமிழ்ல! "முதல்ல அந்தம்மாவை உக்காரச் சொல்லு. துணி இருக்கா?" தன் துண்டையே எடுத்து என் நெத்தியில வெச்சு அழுத்தினார். நான் யார்னு அவருக்குத் தெரியலை, சரவணா. ஆனா நான் வீட்டுக்குள்ள வந்துட்டேன்.

அன்னையில இருந்து நான்தான் மாஸ்டர். குளிக்க மாட்டேன்னு அடம்பிடிச்சா, "புகைக்காரரே, ஒரு ஆறு குறுக்க ஓடுது"ன்னு ஆரம்பிப்பேன். இறங்கிடுவார். சோறு முழுங்கலைன்னா, "இதைச் சாப்பிட்டாத்தான் மலை ஏற முடியும்"பேன். எல்லா நாளும் நடக்காது. தட்டைத் தூக்கி என் மேல எறியற நாளும் உண்டு. பையில எல்லா பட்டனும் பதினெட்டா இருக்குமா என்ன? ஆனா நடக்கற நாள்ல அவர் பயமில்லாம இருக்கார். எனக்குப் புரிஞ்சது இதுதான். ஞாபகம் இருக்கா, நான் யாரு, இது யாருன்னு அவரைக் கேக்கறப்போ நாம பரீட்சை வைக்கிறோம். அவர் தோத்துத் தோத்துப் பயந்து போய்ட்டார். நீ அந்தப் பாய்ல ஒருநாளும் யாருக்கும் பரீட்சை வெச்சதில்லை. எங்க நிக்கறேன்னு சொன்னே, எதிர்ல என்ன இருக்குன்னு சொன்னே, என்ன செய்யப் போறேன்னு கேட்டே. இந்த வித்தையை எனக்குச் சொல்லிக் கொடுத்தவன் நீ. தீபாவளிக்கு வந்து அவர் தோளை உலுக்கினதும் நீதான். நாளைக்கு நித்யாகிட்டயும் இதை ஞாபகம் வெச்சுக்கோ. கல்யாணமாகி நாள் போனா, இவளை எனக்குத் தெரியுமேன்னு நாமளே ஒண்ணை நினைச்சுக்கிட்டு, கேக்காமலே பதிலும் சொல்லிக்கிட்டுத் திரிவோம். என்ன செய்யப் போறேன்னு கேளு, கேட்டுட்டுக் கொஞ்ச நேரம் வாயை மூடிட்டு இரு. புருஷன் பெண்டாட்டிக்கு இதுக்கு மேல புத்தி சொல்ல எனக்குத் தெரியலை.

கல்யாணத்தன்னைக்கு என்ன பண்றதுன்னு நாங்க பேசியாச்சு. மெரின் கும்பளங்கியில இருந்து முந்தின நாளே வந்துடறேன்னுட்டா. அஜ்மல் தன் வண்டியிலயே கூட்டிட்டு வருவான், மாத்து வேட்டி ரெண்டு அவன் பையில இருக்கும். ஆளுக்கு ஒரு பக்கமா நிப்பாங்க. "அம்மே, அந்த மனுஷன் எங்களைத் தோள்ல தூக்கிட்டு வந்ததாக்கும்"னு அஜ்மல் சொல்றப்போ அவனுக்குக் கண்ணு கலங்கிடுச்சு, தாடி வெச்ச தடியன். மண்டபத்துல அவர் கத்தலாம், நனைச்சுக்கலாம், பாதியில எழுந்து போயிடலாம். அப்படி ஆனா ஆகட்டும். வந்தவங்க சாப்பிட்டுட்டுப் பேசிட்டுப் போவாங்க. இவ்வளவு சொன்னதுக்கு அப்புறமும் நீ தேவராதான்னு சொன்னா, நான் சண்டை போட மாட்டேன். கொண்டுபோய் விடறேன். விட்டுட்டு நானும் அங்கயே அவர் பக்கத்துல இருப்பேன். இதை மிரட்டலா எடுத்துக்காதே. வாசல்ல அவர் தனியா உக்காந்திருந்தா எனக்கு உன் கல்யாணச் சோறு தொண்டையில இறங்காது, அவ்வளவுதான்.

உன்கிட்ட எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. நீ கால்ல விழறப்போ, நான் சரவணன்னு சொல்லாதே. அப்பான்னுகூடக் கூப்பிட வேண்டாம். எங்க நிக்கறார், எதிர்ல என்ன இருக்குன்னு நிதானமாச் சொல்லு, என்ன செய்யப் போறீங்கன்னு கேளு. கேட்டுட்டுக் காத்திரு. நாதஸ்வரம் காத்திருக்கட்டும், நித்யாவோட அப்பா காத்திருக்கட்டும். பதில் என்ன வரும்னு நான் உனக்கு வாக்குக் கொடுக்க முடியாது. அதைத் தாங்கிக்கற தைரியம் உனக்கு இருக்கான்னும் தெரியலை. அதனால நேத்து சாயங்காலம் நானே ஒரு தடவை நடத்திப் பார்த்தேன்.

அவர் கட்டில்ல உக்காந்திருந்தார். சந்துல ஸ்கூல் விட்டுப் பிள்ளைங்க ஓடற சத்தம். வழக்கம்போல ஜன்னல் பக்கம் திரும்பி, "கண்ணடச்சோ! கண்ணடச்சோ!"ன்னு அதட்டினார். இப்பவும் ஒருநாள் தவறாது. பிள்ளைங்க போனதும் நான் ஆரம்பிச்சேன். "புகைக்காரரே, நீங்க ஒரு பெரிய மண்டபத்து வாசல்ல நிக்கறீங்க. உள்ள விளக்கு எரியுது, ஜனங்க நிறைய. உங்களுக்கு முன்னால ஒரு பையன், பட்டு வேட்டி கட்டியிருக்கான். அவன் யாருன்னு உங்களுக்குத் தெரியாது. அவன் உங்க காலுக்குக் கீழ குனியறான். என்ன செய்யப் போறீங்க?"

"தெரியாத பையனா?"ன்னு கேட்டார்.

"தெரியாத பையன்தான்"னேன்.

ஜன்னலையே பார்த்துக்கிட்டு இருந்தார். மறந்துட்டார் போலன்னு நான் எழுந்திரிக்கப் போனேன். அப்ப அவர் கட்டிலை விட்டு இறங்கினார். தோள்ல இல்லாத மெஷினைக் கழட்டி, பத்திரமா ஒரு ஓரமா வெச்சார். எதிர்ல யாருமில்லாத தரையைப் பார்த்துக் குனிஞ்சு, ஒரு தலை இருக்கற உயரத்துல கையை வெச்சார். குரலைத் தணிச்சுக்கிட்டார்.

"கண்ணை மூடிக்கோடா"ன்னார்.

அம்மா